கசுமியின் காரைச் சாதுவாக்கப் போய்

ஷிபுகாவா,
ஜூன் 17, செவ்வாய் மாலை

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் குனிஹிகோ அவர்களுக்கு,

மழைக்காலம் பிறந்துவிட்டது. எங்கள் வாசலில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்து, நனைந்து, தலை சாய்த்து நிற்கிறது. தங்கள் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் மனைவி, தங்கச்சி தொமோயேவின் கண் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டதா? தாங்கள் அனுப்பிய கோடைப் பரிசு சோமென் நூடுல்ஸ் பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு கட்டு அவித்துச் சாப்பிட்டோம். மென்மையாக இருந்தது.

இதுவரை சொன்னது நானில்லை. கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஹகிவாரா பிடிவாதம் பிடித்தார். முப்பது வருஷம் விவசாயக் கூட்டுறவில் கடிதம் எழுதியவர். இதில் கை அவருடையது, வாய் என்னுடையது. மச்சான், இனி நான் பேசுகிறபடியே சொல்லிவிடுகிறேன், நீ என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பாய். போனில் நீ “என்னது? என்னது?” என்று கத்துவாய், மகள் கசுமி சமையலறையிலிருந்தே பதில் சொல்லிவிடுவாள். விஷயம் அவளுக்குத் தெரியக் கூடாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், மார்ச் இரண்டாம் சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு அந்த வெள்ளைக் கார் நம் வீட்டுக்கு வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் எதையும் மறக்க வசதியில்லை. வந்தபோது அதற்கு இருநூற்றெண்பது குதிரைச் சக்தி. பெண் பிள்ளைக்கு அது போதாதா? முதல் வருஷம் புகைக்குழாயை மாற்றினாள். சந்தைப் போட்டியில் பரிசு வாங்குகிற முள்ளங்கியின் பருமனுக்கு ஒன்று. இரண்டாம் வருஷம் டர்போ. அது நத்தைக்கூடு மாதிரி ஒரு இரும்பு, வெளியே போகிற புகையின் வேகத்திலேயே சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அடைக்குமாம். இருந்த நத்தையைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு பெரிய நத்தையை வைத்தாள். பிறகு ஸ்பிரிங், பிரேக், பின்பக்கம் நாம் துணி காயப்போடலாம் போல ஒரு இறக்கை, ஐந்து பெல்ட் போட்டுக் கட்டுகிற ஒரு சீட். இப்போது அறுநூறு. பகலில் பள்ளிச் சமையல்கூடத்தில் அறுநூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறாள், வந்ததும் அறுநூறு குதிரைக்குத் தீனி போடுகிறாள். கொட்டகையில் அவள் சாவியைத் திருப்பினால் வீட்டுக்குள் உன் அக்கா படத்துக்கு முன்னால் கும்பிடும்போது தட்டுகிற கிண்ணமணி, யாரும் தொடாமல், தானாக அதிர்ந்து ஒலிக்கிறது. அக்கா உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு சத்தமாக என்னைக் கூப்பிட்டதில்லை.

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஃபூஜி மலையடிவாரத்தில் இருக்கிற பந்தயத் தடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். “என்னம்மா அது?” என்றேன். “மத்தியானச் சாப்பாட்டு ரசீதுப்பா” என்றாள். எனக்கு என்ன தெரியும்? பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம், சாப்பாட்டில் மீன் உண்டா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “ஐயா, அது சாப்பாடு இல்ல. ஓட்டும்போது உசிரு போனா நாங்க யார் மேலயும் வழக்குப் போட மாட்டோம்னு எழுதிக் குடுக்கிறது” என்றார். அப்புறம் வேலிக்குப் பின்னால் நின்று அவள் ஓட்டியதைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது தப்பு, வெள்ளையாக ஒன்று போயிற்று, பிறகு சத்தம் வந்தது. கையிலிருந்த குழம்புச் சோறு அப்படியே ஆறிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், அவள் திரும்பி வந்து அந்தக் கிண்ணமணி ஒலிக்கும்வரை, உன் அக்கா படத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

காரைப் பற்றி வாயைத் திறந்தால் என் டிரைவிங் லைசென்ஸுக்கு வந்துவிடுகிறாள். “அப்பா, எண்பத்தாறு வயசாச்சு. ஊர்ல எல்லாப் பெரியவங்களும் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.”

“நான் நாப்பதைத் தாண்டுறதில்லம்மா.”

“நாப்பதுல போய்ப் பெர்சிமன் மரத்துல முட்டினது யாரு? நான் இருநூத்தெழுபதுல போய் ஒரு கீறல் இல்லாம வரேன். நீங்க சொல்லுங்க, யாரு ஆபத்து?”

“அந்த மரம் முன்னாடி அங்க இல்ல.”

“அம்மா கல்யாணமாகி வந்தப்ப நட்ட மரம்பா அது!”

எழுதுகிற ஹகிவாரா சிரிக்கிறார். அவருக்கென்ன, அவர் மகன் பேருந்து ஓட்டுகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அரசாங்கப் பரிசோதனை வருமே, உனக்குத் தெரியாததில்லை. பருத்த குழாயோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்த வாரம் கசுமி குழாய், ஸ்பிரிங், சீட்டு, இறக்கை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த பழைய சாமான்களை மாட்டுவாள். கார் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி தலையைச் சீவிக்கொண்டு போய்த் தேறிவிட்டு வரும். மறுநாளே பழைய ஆட்டம். அந்த ஒரு வாரம்தான் மச்சான், நான் வயிறு நிறையச் சாப்பிடுகிற வாரம்.

இந்த முறை பரிசோதனை வருகிற வெள்ளிக்கிழமை. நேற்று முன்தினம், ஞாயிறு முழுக்க, அவள் காருக்கு அடியில் கிடந்தாள். மாலையில் கை கரியோடு வந்து, “முடிஞ்சதுப்பா” என்றாள். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு கொட்டகைக்குப் போனேன். மருந்து தெளிக்கிற இயந்திரத்துக்கு இடதுபக்கம் நாலு பெட்டி, போர்வை சுற்றிய நீளமான குழாய் ஒன்று. போன பரிசோதனையின்போது, மழை பெய்த புதன்கிழமை, கழற்றிய வேகச் சாமான்களை அதே இடதுபக்கம்தான் வைத்தாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது ஒரு எண்ணம் வந்தது. இந்தப் பெட்டிகள் இல்லாமல் போனால்? கார் சாதுவாகவே இருந்துவிடுமே! எண்ணம் வந்த நேரம் தெருவில் ஒலிபெருக்கி வைத்த சின்ன லாரி. பழைய டிவி, பழைய சைக்கிள், ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு பெண் குரல் பாடிக்கொண்டே வருமே, அதுதான். கை தட்டி நிறுத்தினேன். தலையில் துண்டு கட்டிய ஆள் இறங்கிப் பெட்டியைப் பார்த்தான்.

“தாத்தா, இது நெஜமாவே வேண்டாத சாமானா?”

“வேண்டாம்யா. எடுத்துட்டுப் போ.”

“பெட்டி மேல பெருசா என்னவோ எழுதியிருக்கே?”

“பெட்டி சொல்றதைக் கேப்பியா, நான் சொல்றதைக் கேப்பியா?”

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்.”

“இந்த வீட்டுல கேக்கப்படுற ஆளே நான்தான்யா!”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஏற்றிக்கொண்டான். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டதற்குக் குமகாயா பக்கம் என்றான். அன்றைக்குப் புளித்த பிளம் ஊறுகாயோடு மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டேன்.

இன்று மாலை ஐந்தே காலுக்குக் கசுமி வந்தாள். குடையை மடக்கி வைத்தாள். காரைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்று கொட்டகைக்குப் போனாள். மணி ஒலித்தது. மச்சான், அக்காவின் கிண்ணமணி ஒலித்தது! சாதுவான குழாய்க்கு அந்த மணி ஒலிக்காது. மெல்லப் போய், “முடிஞ்சதுன்னியேம்மா?” என்றேன். “பழைய சாமானையெல்லாம் பரண்லேர்ந்து எடுத்து, தொடச்சு, பெட்டியில போட்டு முடிச்சேன்பா. மாட்ட ஒரு வளையம் வரணும். நாளைக்கு லீவு போட்டிருக்கேன், மாட்டிடுவேன்” என்று சொல்லிவிட்டுக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடதுபக்கம் திரும்பவேயில்லை. நான் கொடுத்தது வேகச் சாமானில்லை, சாதுச் சாமான். சாதுவாக்கப் போய், அது இனி என்றைக்கும் சாதுவாக முடியாதபடி செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தேறாவிட்டால் கார் தெருவில் இறங்க முடியாது. இறங்காவிட்டால் நல்லதுதானே என்று நினைப்பாய், நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் அவள் பெட்டியைத் தேடுவாள், பிறகு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வை உன் அக்காவுடையது.

ஆகவே இரண்டு உதவி. உன் பழைய இரும்புக் கிடங்கு குமகாயாவிலேதான் இருக்கிறது. தலையில் துண்டு கட்டிய ஆள், பச்சை லாரி, இடது விளக்கு உடைந்தது, தேடிப் பிடி. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, தாய்மாமன் என்கிற உரிமையில் அவளிடம் அந்தக் காரை விற்றுவிடச் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்காமல் இருந்தாலும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்காமல் இருப்பாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

தொமோயே தங்கச்சிக்கும், உன் பேரப்பிள்ளைகளுக்கும், கிடங்கில் குரைக்கிற அந்த நாய்க்கும் என் ஆசி. மழையில் நனையாதே. எல்லாரும் குறையில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்
தொமெகிச்சி

பின்குறிப்பு: வியாழன் காலை. முழுவதையும் கிழித்துவிடச் சொன்னேன். இவ்வளவு அழகாக எழுதியதைக் கிழிக்க மாட்டேன் என்கிறார் ஹகிவாரா. அதனால் படித்ததை மறந்துவிடு. எதையும் தேடாதே. அந்த லாரிக்காரன் திங்கட்கிழமையே கசுமிக்குப் போன் செய்துவிட்டானாம். பெட்டி மேல் பெரிதாக எழுதியிருந்தது அவள் போன் நம்பரும், “அப்பா சொன்னாலும் எடுத்துப் போகாதீர்கள்” என்பதும்தானாம். வேலை முடிந்து வரும் வழியிலேயே வாங்கி வந்து கொட்டகைக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறாள். இரண்டு நாளாக அதை என்னிடம் காட்டிக்கொள்ளவேயில்லை. நேற்றுச் சாமானையெல்லாம் மாட்டி முடித்துவிட்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். “சரிப்பா, காரை வித்துடறேன். அதே நாள் நீங்க லைசென்ஸைக் குடுத்துடணும். சம்மதமா?” என்றாள். நான் லைசென்ஸ் இருக்கிற சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். மச்சான், அது நல்ல கார். அடியில் குனிந்து பார்த்தேன், ஒட்டு வேலையெல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஞாயிறன்று நீ வந்தால் சாப்பிட வா, புத்திமதி சொல்ல வராதே. இன்னொன்று. நேற்று மாலை காரை ஓட்டிப் பார்க்கப் போனவள் எப்போது திரும்பி வந்தாள் என்றே எனக்குத் தெரியவில்லை. சாதுவான கார், சத்தமே இல்லை. அவள் வந்து சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், நான் இன்னும் அது ஒலிக்கட்டும் என்று கிண்ணமணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பருத்த குழாயைச் சனிக்கிழமை காலையிலேயே மாட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.