பூப்போட்ட உறைக்குள் ஒரு மெஷின்

என் வீட்டுக்குள் டவுன்லோடு நுழையாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சபதம் செய்தேன். பத்தேகாலுக்கே பயம் வந்துவிட்டது. காரணம், என் மனைவி எதிர்க்கவில்லை.

"சரிங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் "சரிங்க" சொன்னது மூன்றே தடவை. அந்த மூன்று தடவையும் பிறகு நான் பட்ட பாட்டை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கீழே கடை, மேலே வீடு. கடையில் பழைய வீடியோ கேம் டிஸ்க்குகள் வாங்குவேன், விற்பேன், மாற்றிக் கொடுப்பேன். ஒருவர் விளையாடி முடித்தது இன்னொருவருக்குப் புதுசு. வருகிற டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துக் கீறல் பார்ப்பேன். அதற்குள் ஒரு குட்டி வானவில் சுற்றி வரும். சில டப்பாக்களின் உள்பக்கம் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயர்களெல்லாம் இப்போது எங்கேயோ நரைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது கேமெல்லாம் டவுன்லோடாக, காற்றில் வருகிறது. புதிதாக வந்திருக்கும் கேம் மெஷினில் டிஸ்க் போட வாயே கிடையாது. வாயில்லா ஜீவன். ஆனால் மண் விழுவது என் வாயில். டவுன்லோடு செய்ததை விற்க முடியாது, மாற்ற முடியாது, அடுத்த வீட்டுக்கு இரவல் தர முடியாது. மூன்று வாரமாகக் கடைக்கு ஒருவரும் எதையும் விற்க வரவில்லை. காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி நிறுத்தி, தெருவைப் பார்த்துவிட்டுத்தான் மீதியைத் தூக்குவேன்.

இந்த நேரம் பார்த்து அந்த மெஷின்தான் வேண்டும் என்றாள் என் மனைவி. கடைக்கு வரும் டிஸ்க் ஓடுகிறதா என்று மேலே எங்கள் பழைய மெஷினில் போட்டுப் பார்ப்பது அவள் பொறுப்பு. முழுசாக விளையாடி ஜெயித்தால்தான் போட்டுப் பார்த்ததாக அவளுக்குக் கணக்கு.

"மெஷின் மூச்சு வாங்குதுங்க. புதுசு வாங்கலாம்."

"டிஸ்க் கடைக்காரன் வீட்டுலயே டிஸ்க் இல்லைன்னா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் கடைக்கே வரல. வீட்டுக்கா வரப்போகுது?"

"பழசு இந்த வீட்டுல இருக்கற வரைக்கும் புதுசு உள்ள வராது. அவ்வளவுதான்."

அப்போதுதான் அந்த "சரிங்க".

செவ்வாய்க்கிழமை எதிர்க்கடைத் தையல்கார அக்கா பெரிய துணிப்பையோடு வந்தார். பைக்குள் ஒரு மெஷின்.

"தம்பி, இதை எடுத்துக்குவியா? தெரிஞ்ச வீட்டுல குடுத்து விட்டாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உக்காருங்கக்கா! டவுன்லோடை இப்படிப் பையில போட்டுத் தூக்கிட்டு வர முடியுமா?"

"எப்படி முடியும்?"

"ஒரு பொட்டுத் தூசி இல்ல பாருங்க. யாரோ பொறுப்பான பொம்பளை வெச்சிருந்திருக்கா."

"ரொம்பப் பொறுப்பு." அக்கா வாசல் பக்கம் திரும்பி இருமினார்.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்கான். எதையும் உத்துப் பாக்க மாட்டான்."

"பாவம் அந்தம்மா" என்றேன்.

பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்தேன். ஷோகேஸ் நடுவில் வைத்து, 'இன்று வந்தது' என்று அட்டை எழுதி நிறுத்தினேன். இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினேன்.

"வியாபாரம் திரும்புது! ஒரு மெஷின் வந்திருக்கு!"

"நல்லதுங்க" என்றாள்.

டிவிக்குக் கீழே எங்கள் மெஷின், பூப்போட்ட உறைக்குள், தன் இடத்தில் இருந்தது. அந்த உறை, மெஷின் வந்த புதிதில் அக்கா தைத்துக் கொடுத்தது. டிஸ்க் போட முன்னால் ஒரு பிளவு. பதினோரு வருஷமாக அந்த மெஷினை நான் பார்த்ததெல்லாம் சட்டை போட்ட கோலத்தில்தான். அன்று அதன் தலையில் செல்லமாகத் தட்டினேன். புதன், வியாழன் இரண்டு நாளும் உறைக்குத் தூசிகூடத் தட்டினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தட்டு முன்னால் உட்கார்ந்தேன். அவள் டிவி முன்னால் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தாள். பாய்மரம், புயல், அடர்ந்த நீலக் கடல். எனக்குப் புரை ஏறியது. என் கடையில் இருக்கும் அத்தனை டிஸ்க்கும் எனக்கு மனப்பாடம். இந்தக் கடல் அதில் இல்லை.

"இது எந்த டிஸ்க்?"

"முதல்ல தண்ணி குடிங்க."

"எந்த டிஸ்க்?"

"டிஸ்க் இல்லைங்க."

எழுந்துபோய் உறையைத் தூக்கினேன். தொளதொளவென்று கையோடு வந்தது. உள்ளே நாலு பக்கமும் செய்தித்தாளைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, நடுவில் ஒல்லியாக, வெள்ளையாக, வாயில்லாமல் அது நின்றது.

"நம்ம மெஷின் எங்க?"

"ஷோகேஸ்ல. அட்டையெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே."

"அப்ப அந்தப் பொறுப்பான பொம்பளை..."

"நான்தாங்க."

"இது மோசடி!"

"பழசு இருக்கற வரைக்கும் புதுசு வராதுன்னீங்க. பழசு போனப்புறம் நேத்துதான் வந்துச்சு; அது வரைக்கும் நீங்க தட்டினது வெறும் பேப்பரை. பழசுக்கு நீங்க குடுத்த காசு, பத்தாததுக்கு நான் சேத்து வெச்சது."

"இப்பவே அதை மேல கொண்டு வரேன். இதை வித்துடறேன்."

"வித்துக்குங்க. உள்ள இருக்கற கப்பலை? விக்க முடியாது, மாத்த முடியாது, இரவல் தர முடியாதுன்னு ஒரு மாசமா சோத்தோட ஊட்டினது யாரு?"

அவள் கப்பலை நிறுத்தினாள்.

"மூணு வாரமா நீங்க ஷட்டர் தூக்கற சத்தமே சரியில்லங்க. செவ்வாக்கிழமைதான் பழையபடி ஓடி வந்தீங்க. அதைக் கெடுக்க மனசு வரல. அதான் சொல்லல."

கடைக்கு இறங்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் என் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தது. முதல் தடவையாக அதை உற்றுப் பார்த்தேன். மூலையில், உறைக்கு அடியில் அவள் கொண்டை ஊசிகளைச் செருகிச் செருகி விழுந்த கீறல்கள். அட்டையைத் திருப்பி 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதும்போது போன் அடித்தது. மேலேயிருந்துதான்.

"என்னங்க, கடையில கம்ப்யூட்டர் ஓடுதா? அடுத்த கேம் எறங்கிட்டிருக்கு, நெட்டு பத்தல. கொஞ்ச நேரம் அணைச்சு வைங்களேன்."

அணைத்தேன்.

"சரிங்க" என்றேன்.