மதில் அண்ணை பார்த்த உலகம்

உலகத்தைப் பலமுறை சுற்றி வந்தும் உலகத்தைப் பார்க்காத ஒரே மனிதர் எங்கள் மதில் அண்ணைதான். அவர் பார்த்ததெல்லாம் சுவர்.

கப்பலில் சமையல்காரராக இருந்தவர். துறைமுகத்தில் கப்பல் நின்றதும் மற்றவர்கள் குடிக்கவும் கடைத்தெரு பார்க்கவும் ஓடுவார்கள். இவர் கண்ணில் முதலில் படுகிற சுவரடிக்குப் போவார். தடவுவார், தட்டுவார், ஒரு படம் எடுப்பார். பிறகு கப்பலுக்குத் திரும்பி வெங்காயம் உரிப்பார். இப்படியே ஆபிரிக்கா, ஐரோப்பா, தென்னமெரிக்கா எல்லாம் முடித்துக்கொண்டு, ஊரில் சண்டை பெருத்த காலத்தில் மொன்றியலில் இறங்கியவர் திரும்பக் கப்பலில் ஏறவில்லை. அகதி வழக்குப் போட்டுவிட்டு டொரோண்டோவுக்கு வந்து, நானும் ரகுவும் குணமும் வாடகைக்கு இருந்த வீட்டில் நாலாவது ஆளாகச் சேர்ந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு பழைய செங்கல் வீட்டை வீட்டுக்காரன் நடுவே மெல்லிய சுண்ணப் பலகைச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தான். முன்பாதி எங்களுக்கு. பின்பாதியில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவருடைய வாசல் பின் ஒழுங்கையில் இருந்ததால் நாங்கள் முகம் கண்டதில்லை.

அண்ணை வந்த முதல் நாளே பெட்டியைத் திறந்து தன் படங்களைப் பரப்பினார். ஸான்சிபாரில் பவளக்கல்லால் கட்டிய சுவர். தென்னமெரிக்காவின் வல்பறைசோவில் தகரச் சுவருக்கு அடித்திருந்த மஞ்சள் நிறம். லிஸ்பனில் வீட்டு வெளிச்சுவரெல்லாம் நீலப்பூப் போட்ட ஓடு, குளியலறையை உள்ளுக்கு வெளியே திருப்பி வைத்ததுபோல.

ரகு ஆவலோடு கேட்டான். “சீனாவுக்குப் போனனீங்களோ அண்ணை? பெருஞ்சுவர் பாத்தனீங்களோ?”

“ஷங்காயிலை நிண்டனாங்கள். அது எங்கையோ வடக்கையாம். ஆனா துறைமுகத்தடியிலை ஒரு தையல்காரன்ரை கடைச்சுவர் பாத்தன் தம்பி. அப்பிடி ஒரு சுவர்! கன்னத்தை வைச்சா மா மாதிரி.”

“சீனாவுக்குப் போய்த் தையல்காரன்ரை சுவரோ பாத்தனீங்கள்?”

“அவனும் சீனன்தானே?” என்றார் அண்ணை.

அன்று வைத்த பெயர்தான் மதில் அண்ணை. சொந்தப் பெயரை நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

குணம் அதிகம் பேசாதவன். படங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, “அண்ணை, ஒண்டிலையும் நீங்கள் இல்லையே?” என்றான்.

“எடுக்கிறது நான்தானே? என்னை எடுக்கச் சொல்ல ஆர் பக்கத்திலை நிண்டது?” என்று சொல்லிவிட்டுப் படங்களை அடுக்கத் தொடங்கினார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரித்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

கனடாவின் சுவர்கள் அவரை மிகவும் மனம் நோகச் செய்தன. வேலை செய்த பேக்கரியிலும் சரி, டாக்டரிடம் போனாலும் சரி, உள்ளே நுழைந்ததும் விரலை மடக்கிச் சுவரில் தட்டிப் பார்ப்பார். டொக் டொக் என்று வெறுமையாகச் சத்தம் வரும். உதட்டைப் பிதுக்குவார். “உது சுவர் இல்லைத் தம்பி, பிஸ்கட் பெட்டி.”

இந்தப் பழக்கம் ஒரு நாள் வினையாய் முடிந்தது. ரகுவின் மச்சான் பிக்கரிங்கில் புது வீடு வாங்கிப் பால் காய்ச்ச எங்களை அழைத்திருந்தான். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், பால் பொங்கப் போகிறது, எல்லோரும் அமைதியாக நிற்கிறார்கள். டொக் டொக். அண்ணை வரவேற்பறையைத் தட்டி முடித்து, சாப்பாட்டறைக்குப் போய், மாடிப்படியடிக்கும் வந்துவிட்டார். வீட்டுக்காரப் பெண் பதறிப்போய்க் கேட்டாள், “அண்ணை, என்ன தேடுறீங்கள்?”

“ஒண்டுமில்லைத் தங்கச்சி. உதுக்குள்ளை ஒண்டுமே இல்லை. முழுக்கக் கோறை.”

பால் பொங்கியது, அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை. எல்லோரும் அண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுமனை புகும் நேரத்தில் வீடு கோறை என்று சொன்ன வாயை யார் மன்னிப்பார்கள்? அதற்குப் பிறகு பிறந்தநாள், சாமத்தியவீடு என்று எந்தக் கொண்டாட்டத்துக்கும் அவருக்கு அழைப்பு வரவில்லை. நாங்கள் மூவரும் வெளிக்கிட்டுப் போகும்போது, “எனக்கு மா குழைச்ச கை நோகுது, நீங்கள் போயிட்டு வாங்கோ” என்பார், யாரோ அவரை வற்புறுத்தி அழைத்ததுபோல.

ஒரு முறை திரும்பி வந்தபோது, விளக்குப் போடாமல் செங்கல் பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

“என்ன அண்ணை செய்யிறீங்கள்?”

“கடல்லை மாசக்கணக்கா எல்லாம் ஆடும் தம்பி. கட்டில் ஆடும், கோப்பை ஆடும், நித்திரையிலை கனவும் ஆடும். கரைக்கு வந்தா மற்றவங்களுக்குப் போக இடம் இருந்தது. எனக்கு, ஆடாத சாமான் ஒண்டிலை முதுகை வைச்சாப் போதும்.”

ரகு விளக்கைப் போடாமலே படுக்கப் போனான்.

பலகைச் சுவரின் கதை செத்தல் மிளகாயில் தொடங்கியது. அண்ணைக்குப் பின்னேர வேலை, காலையில் சமைப்பார். ஒரு நாள் சம்பலுக்கு மிளகாய் வறுக்க, சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. இருமல் பெருத்தது. பிறகு கோபத்தோடு தடார் தடார் என்று அடி விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். அண்ணை முகமெல்லாம் பல்லாக என்னிடம் ஓடி வந்தார்.

“தம்பி, நான் எத்தினை நாட்டிலை எத்தினை சுவரைத் தட்டினனான்! இண்டைக்குத்தான் ஒண்டு திருப்பித் தட்டுது!”

அகப்பைக் காம்பால் இரண்டு தட்டு மெல்லத் தட்டினார், மன்னிப்புக் கேட்பதுபோல. அந்தப் பக்கம் அடி நின்றது. பிறகு இரண்டு தட்டு மெல்ல வந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் அண்ணை தட்டுவார், கிழவர் தட்டுவார். மிளகாய் வறுக்கும் நாளில் அண்ணை முதலே தட்டி எச்சரிப்பார். அந்தப் பக்கம் யன்னல் திறக்கும் சத்தம் கேட்கும். ரகுவுக்கு இது பொறுக்கவில்லை.

“அண்ணை, லவ் பண்ணினது போதும். பின்னாலை போய்க் கதவைத் தட்டி ஆளைப் பாருங்கோவன்.”

“கதவிலை தட்டினா, என்ன வேணும் எண்டு கேப்பினம். எனக்கு ஒண்டும் வேண்டாமே. சுவரிலை தட்டினா ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்.”

அந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணை தட்டினார். பதில் இல்லை. திரும்பத் தட்டினார். இல்லை.

“ஆள் சேர்ச்சுக்குப் போயிருக்கும்” என்றான் ரகு போர்வைக்குள்ளிருந்து.

அண்ணை சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின் ஒழுங்கைக்குப் போய் வந்தார். “வாசலிலை ஸ்நோ குவிஞ்சு கிடக்கு. ஒரு காலடி இல்லை. கதவு உள்ளாலை பூட்டு. கூப்பிட்டன், சத்தமில்லை.” பிறகு சுவரில் காதை வைத்தார். அவர் முகம் மாறியது. “தம்பி, ஆரோ அனுங்கி முனகிற சத்தம்.”

நான் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். பனியில் வரச் சுணங்கும் என்றார்கள். வீட்டுக்காரன் போனை எடுக்கவில்லை. அண்ணை சுவரை உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். பிறகு பின்னுக்கு வந்து, ஓடிப்போய் ஓங்கி ஒரு உதை உதைத்தார்.

கால் முழங்கால் வரை உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது.

“இழுங்கோடா!” என்றார். நாங்கள் இழுத்தோம். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. குணம் ஆட்டிறைச்சி வெட்டும் கத்தியை எடுத்துவந்து சுவரை வெட்டத் தொடங்கினான். பிஸ்கட் பெட்டிதான்; தூள் பறக்கத் திறந்தது. அண்ணை தலையைக் கொடுத்து, தோளைக் கொடுத்து, வெள்ளைப் பூதம்போல அந்தப் பக்கம் விழுந்தார்.

கிழவர் குசினித் தரையில் கிடந்தார். விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. குளிரில் உதடு நீலம். அண்ணை எங்கள் போர்வையெல்லாம் வாங்கி மூடி, அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் முதல் முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிழவர் கையைத் தூக்கி அண்ணையின் நெஞ்சில் இரண்டு தரம் மெல்லத் தட்டினார்.

அம்புலன்ஸ்காரர்கள் வந்து, நீங்கள் இவருக்கு யார் என்று அண்ணையைக் கேட்டார்கள். அவருடைய கப்பல் இங்கிலீஷ் அந்த அவசரத்தில் கைகொடுக்கவில்லை. “நெக்ஸ்ட் வால்! நெக்ஸ்ட் வால்!” என்றார், பக்கத்துச் சுவர்க்காரன் என்ற கருத்தில். ஆஸ்பத்திரியில் அவர் பெயர் மிஸ்டர் வால் என்றே பதிவாகிவிட்டது. ரகு ஒரு கிழமை உருண்டு சிரித்தான். “மதிலாயிருந்த மனிசன் கடைசியிலை வாலாய்ப் போச்சு!”

கிழவரின் பெயர் மனுவேல், போர்த்துக்கீசர். அண்ணை தன் லிஸ்பன் சுவர்ப் படத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது பெருமை தாங்கவில்லை.

“அந்தாள் ஏதோ தீவாம் தம்பி, லிஸ்பன் பக்கம் போனதே இல்லையாம். அந்தாளுக்கு அந்தாளின்ரை நாட்டை நான்தான் காட்டினனான்!”

குளிர் முடியும்போது மகள் தெரேசா வின்னிபெக்கிலிருந்து வந்து தகப்பனைக் கூட்டிப் போனாள். வீட்டுக்காரன் எங்களைத் திட்டிக்கொண்டே சுவரை அடைத்து வெள்ளை பூசினான். பின்பாதி வெறுமையாகக் கிடந்தது. அண்ணை வழக்கம்போல மிளகாய் வறுத்தார். இருமல் இல்லை. ஒரு நாளும் அவர் அந்தச் சுவரில் தட்டவில்லை. நாங்கள்தான் அவரைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கோடையில் தெரேசாவிடமிருந்து போன் வந்தது. அப்பா பகலெல்லாம் தனியே இருக்கிறார், சாப்பிடுகிறார் இல்லை, மிஸ்டர் வால் வந்து கொஞ்ச நாள் நிற்பாரா என்று கேட்டாள்.

“வின்னிபெக்கோ? அங்க குளிருக்கு நாய்கூட இருக்காது அண்ணை” என்றான் ரகு.

“அந்தாள் இருக்குது” என்றார் அண்ணை.

“இஞ்ச நாங்கள் இல்லையோ?”

அண்ணை அவனை நிமிர்ந்து பார்த்தார். “இருக்கிறியள் தம்பி. நீங்கள் இளந்தாரியள், உங்களுக்குப் போக இடம் இருக்கு.” சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கத் தொடங்கினார். கொஞ்ச நாள் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் புறப்பட்டது ஒரு வேலைநாள் காலை. தான் தனியே போவதாகச் சொல்லி, எங்களை முதல் நாள் இரவே விடை சொல்ல வைத்திருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. வேலைக்குச் சுகமில்லை என்று போனில் சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே அண்ணைக்குத் தேத்தண்ணி வாங்கக் குணம் வரிசையில் நின்றான். அவருடைய பெட்டியை யாரும் தொடவிடாமல் ரகு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டு பேருக்கும் அன்று சுகமில்லை.