மகளின் நேர்முகத்தேர்வும் மூன்று கால் தவளையும்

படித்த மனிதன் ஒரு விஷயத்தை நம்புவதற்கு முன் அதைப் பற்றி நாலு கட்டுரை வாசிப்பான். வாசித்து முடித்த பிறகு, படிக்காதவர்கள் எல்லோரையும் மிஞ்சும்படி முட்டாள்தனமாக நம்புவான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் மன்னாரில் நில அளவையாளனாக இருந்தவன். காணி எல்லையில் ஒரு சாண் பிசகினாலும் அன்றைக்கு நித்திரை வராது. டென்மார்க்கின் சில்க்போர்க்குக்கு வந்து, தளபாடத் தொழிற்சாலையில் அலுமாரிக் கதவுகளுக்குத் துளை போட்டு ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. தேவாலயத்தில் பூசைக்குப் போனால் மெழுகுதிரிகளை எண்ணுவேன். பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். (எங்கள் ஊர் பஸ்ஸில் அது சீக்கிரம் முடிந்துவிடும்.) இப்படிப்பட்ட நான்தான், வாயில் காசைக் கௌவிக்கொண்டிருந்த ஒரு சீனத் தவளைக்கு முன்னால் பயபக்தியோடு நின்றேன். அதற்குக் கால்கள் மூன்று. சந்தேகப்பட்டுத் திருப்பிப் பார்த்தும் எண்ணினேன். மூன்றுதான்.

தவளையின் மகிமையை எனக்குச் சொன்னவர் கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் இருக்கும் அந்தோனிப்பிள்ளை அண்ணை. அவருடைய மூத்த மகன் பல வருடங்களாக ஒரே அலுவலகத்தில் ஒரே கதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன். வீட்டில் ஃபெங் சுயி என்ற சீன வாஸ்துப் பொருட்கள் வந்த மாதமே அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. அண்ணை தொலைபேசியில் குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டால் அதிர்ஷ்டம் அங்கே போய்விடும் என்பதுபோலப் பேசினார்.

"தம்பி, நான் சும்மா கதைக்கேல்லை. வடக்குப் பக்கத்தில ஓடுற தண்ணி வையும், அது உத்தியோகத்துக்கு. தென்கிழக்கில தவளை, அது செல்வத்துக்கு."

"அண்ணை, நாங்கள் வேதக்காரர் எல்லோ?"

"நானென்ன, சைவமே? பூசையை நிப்பாட்டச் சொன்னனானே உம்மை? அது ஆண்டவருக்கு. இது கொமூனுக்கு."

கொமூன் என்பது எங்கள் நகராட்சி. அந்தப் பெயரைக் கேட்டதும் பேனாவை எடுத்துத் திசைகளைக் குறித்துக்கொண்டேன். ஏனென்றால் என் மகள் டிலானியின் விதி அப்போது கொமூனின் கையில்தான் இருந்தது.

டிலானி முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்தாள். அந்த இல்லத்துக்குத் தலைமை தேவைப்பட்டது, விண்ணப்பித்தாள். இதற்கு முன் வேறு இரண்டு இல்லங்களுக்குக் கேட்டு, இரண்டு முறையும் கடைசிச் சுற்றுவரை போய், இரண்டு முறையும் வேறு ஒருவருக்கு அது போனது. இந்த முறையும் கடைசிச் சுற்று வந்திருந்தது. "அப்பா, இதுதான் கடைசி. இதுவும் இல்லையென்றால் நான் இனிக் கேட்கமாட்டேன்" என்றாள், வழக்கம்போல டேனிஷில். சிறுவயதில் கேட்டுக் கிடைக்காத எதையும் அவள் இரண்டாம் முறை கேட்டதில்லை. மூன்றாம் முறை கேட்கிறாள் என்றால் அது அவளுக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே நான் நாலு கட்டுரை வாசித்தேன். பொருட்களை வரவழைத்தேன்.

பெட்டியைத் திறந்தபோது என் மனைவி ரெஜினா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். தவளை வந்தது. தொப்பை தெரியச் சிரிக்கும் மொட்டைத் தலையர் வந்தார். ஆறு குழாய்கள் தொங்கும் காற்றுமணி வந்தது. கடைசியாக, சிறு சக்கரத்தின் மேல் தண்ணீர் விழுந்து விழுந்து சுற்றும் மின்சார நீரூற்று வந்தது.

"இதென்னப்பா, மாதாவுக்குப் பக்கத்திலயோ இந்தத் தவளை இருக்கப்போகுது?"

"மாதா கிழக்கில. தவளை தென்கிழக்கில. நடுவில தூரம் இருக்கு."

"தூரத்தை மாதாவிட்டயே சொல்லுங்கோ."

நேர்முகத்தேர்வு நாளன்று எங்கள் யூலாந்துப் பகுதி முழுவதும் பனி கொட்டி வீதிகளை மூடிவிட்டது. கொமூனிலிருந்து செய்தி வந்தது: யாரும் காரில் வரவேண்டாம், கணினி மூலம் பேசுவோம். பாடசாலையும் பூட்டு. டிலானியின் வீட்டில் பிள்ளைகள் இரண்டும் சோபாவிலிருந்து சோபாவுக்குப் பாய்ந்துகொண்டிருந்தன. மருமகனிடம் அவர்களை விட்டுவிட்டு, கணினியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, பனியில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். இணையப் பெட்டி இருக்கும் சின்ன அறையில் உட்காரப்போவதாகச் சொன்னாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் அலங்கரித்து வைத்திருந்தது அந்த அறையைத்தான்! அவள் முதுகுக்குப் பின்னால் வரப்போவது, என் பழைய திசைகாட்டியை வைத்து நான் உறுதிசெய்த வடக்குச் சுவர்தான்! டென்மார்க்கின் மேகங்களை யார் அசைத்து எங்கள் வீட்டுக்கு அவளை அனுப்பினார்கள்? நான் தவளையைப் பார்த்தேன். தவளை என்னைப் பார்த்தது.

டிலானி அறையைப் பார்த்து ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். எதையும் அகற்ற நேரமில்லை. காதுகளை முழுவதும் மூடும் பெரிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் ஆரம்பித்ததும் நான் ஓசைப்படாமல் நீரூற்றின் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே வந்து, நீக்கலால் பார்த்தேன்.

திரையில் ஐந்து முகங்கள். நடுவில் வெள்ளைத் தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. அவர்தான் தேர்வுக் குழுத் தலைவி. ஐவரும் முதலில் நன்றாகத்தான் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் தலையைச் சாய்த்தார். இன்னொருவர் பக்கத்துத் திரையைப் பார்ப்பதுபோல் கண்ணை ஓட்டினார். டிலானிக்கு ஹெட்போனுக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் மைக்கின் வழியாக அது கொமூனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடி போட்ட ஒருவர் வாயசைத்தார். மிக மரியாதையான டேனிஷில் அவர் கேட்டது இது என்று டிலானி பிறகு சொன்னாள்: "மன்னிக்கவேண்டும், குளியலறையில் யாராவது இருக்கிறார்களா? கதவைச் சாத்த முடியுமா?"

"இல்லையே, இந்த அறையில் நான் மட்டும்தான்" என்றாள் டிலானி.

அவள் அப்படிச் சொன்ன பிறகு சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்பதுபோல் இருந்தது. எந்த மனிதனாலும் இவ்வளவு நேரம் தொடர்ந்து போக முடியாது என்று ஐவரும் ஒரே சமயத்தில் யோசிப்பது அவர்கள் முகங்களில் தெரிந்தது.

நான் போய் நிறுத்தவேண்டும். ஆனால் கமராவில் விழக்கூடாது. கோணம் அளந்து சம்பளம் வாங்கியவனுக்கு இது ஒரு கணக்கா? மேசை உயரம் இவ்வளவு, கமராவின் பார்வை இப்படி, ஆகவே தவழ்ந்துபோனால் தெரியாது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குளிருக்குப் போட்ட கம்பளிக் காற்சட்டையோடு, தலையில் காது மூடும் தொப்பியோடு நாலு காலில் புறப்பட்டேன்.

கணக்கில் ஒரு பிழை. தவழும்போது தலை தாழும், ஆனால் இடுப்பு தாழாது. பாதிவழியில் நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். மூலையில் இருந்த சின்னச் சதுரத்தில், சிரிக்கும் மொட்டைத் தலையருக்குக் கீழே, கட்டம் போட்ட சாரம் உடுத்த ஒரு பின்புறம் மெதுவாக இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. அது யாருடையது என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

"ஃபா, நை!" என்றாள் டிலானி. (அப்பா, வேண்டாம்!)

பதறிப்போய் எழும்பப் பார்த்தேன். சாரம் வயரில் மாட்டியது. நீரூற்று என்னோடு வந்தது. தண்ணீர் முழுவதும் நிலத்தில் இருந்த மின்சாரப் பலகையில் கொட்ட, டப் என்று வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. இணையமும் நின்றது. நான் ஈரத்தில் வழுக்கி, காற்றுமணியைப் பிடித்து, அதையும் கழற்றிக்கொண்டு, பின்புறம் நிலத்தில் அடிபட விழுந்தேன். ஆறு குழாய்களும் ஒவ்வொன்றாக என் தொப்பியில் இறங்கின. கணினியில் ஐந்து முகங்கள் வாய் திறந்தபடி உறைந்துபோய் நின்றன.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ரெஜினா கத்தினாள்: "உத்தியோகம் வந்திட்டுதோ?"

இடுப்பு நொந்தது. அது பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாம் முறையாகக் கேட்ட பிள்ளையின் கையிலிருந்து நானே தட்டிவிட்டேன் என்பதுதான் அதைவிட நொந்தது.

டிலானி ஹெட்போனைக் கழற்றினாள். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். கைத்தொலைபேசியில் தலைவியை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

"என் தகப்பனார் விழுந்துவிட்டார். முதலில் அவரைப் பார்க்கவேண்டும்" என்றாள் டேனிஷில்.

"நிச்சயமாக. வேறொரு நாள் வைத்துக்கொள்வோமா?"

"தேவையில்லை. நீங்கள் காத்திருக்கலாம்."

நீங்கள் காத்திருக்கலாம்! கொமூனைக் காத்திருக்கச் சொன்ன முதல் தமிழரை நான் அன்றைக்குத்தான் கண்டேன். நானென்றால் கொமூனிலிருந்து தொலைபேசி வந்தாலே எழுந்து நின்று பேசுகிறவன்.

அவள் ஈரத்தில் முழங்காலிட்டு என் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்தாள். சின்ன வயதிலிருந்தே நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லும் பிள்ளை, அன்று தமிழில் தொடங்கினாள்.

"அப்பா, அவசரமில்லை. அவை கேட்டுக்கொண்டிருக்கினம். தொலைபேசியை வைக்கட்டோ?"

"வேண்டாம் பிள்ளை, வையாத."

"சரி. எங்க நோகுது? கால்விரலை ஆட்டுங்கோ. மற்றக் கால். இப்ப தலை சுத்துதோ?"

"இல்லை. வெக்கமாக் கிடக்கு."

"அது எலும்பில்லை, முறியாது."

கதிரையை இழுத்து என் முன்னால் வைத்தாள். "நான் தூக்கமாட்டன். நீங்களே எழும்புவியள். முதல் பக்கவாட்டில திரும்புங்கோ. இனி முழங்காலில. ஓம். கையைக் கதிரையில ஊண்டுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

அவளுடைய கை என் முதுகில் படவில்லை. பட்டும் படாமல், ஒரு அங்குலம் தள்ளி, என்னோடு கூடவே எழும்பி வந்தது. எத்தனையோ கிழவர்களும் கிழவிகளும் இந்தக் குரலைக் கேட்டு நிலத்திலிருந்து எழும்பியிருப்பார்கள். நான் அவளுக்கு நடக்கப் பழக்கினேன் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவள் வேலை செய்வதை அதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை. மலையடிவாரத்தில் நின்று மேலே பார்ப்பவன்போல என் மகளைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் எதையும் எண்ணவில்லை.

தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தக் குரல் விளங்கியிருக்கும்.

என்னை உட்கார்த்திப் போர்வை போர்த்திவிட்டு, ஈரக் காற்சட்டையோடே மீதி நேர்முகத்தேர்வைத் தொலைபேசியில் முடித்தாள். அடுத்தநாள் தலைவி அழைத்தார். வேலை அவளுக்குத்தான். "ஒரு முதியவர் உங்கள் கண்முன் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி வைத்திருந்தோம், கேட்கத் தேவைப்படவில்லை" என்றாராம்.

உடனே அந்தோனிப்பிள்ளை அண்ணைக்குச் சொன்னேன்.

"பாத்தீரோ! தவளை!"

"அண்ணை, ஊத்து கவிண்டு எல்லாம் நாசமாப் போச்சே?"

"அது தண்ணி தன்ர வேலையை முடிச்சுப்போட்டுப் படுத்திட்டுது."

இதற்கு மேல் என்ன பேசுவது? கிடைத்தாலும் தவளை, கவிழ்ந்தாலும் தவளை. ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பொருட்கள் இல்லாவிட்டால் நான் தவழ்ந்திருக்கமாட்டேன். தவழாவிட்டால் விழுந்திருக்கமாட்டேன். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ரெஜினாவிடம் சொன்னால், போர்வையை இழுத்துப் போர்த்தச் சொல்கிறாள்.

வசந்தகாலத்தில் இல்லத்தில் உறவினர்களுக்கு ஒரு கோப்பி விருந்து நடந்தது. வெள்ளைத் தலைமயிர்த் தலைவி என்னைத் தேடி வந்து, கையைப் பிடித்து, ஓரமாக அழைத்துப் போனார். தன் மகன் நீண்டகாலமாக வேலை தேடுவதாகச் சொன்னார். பிறகு அங்குமிங்கும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அந்த நீரூற்று உண்மையிலேயே பலன் தருமா?"

படித்தவரின் கண்கள். நாலு கட்டுரை வாசித்த கண்கள். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தரும். ஆனால் அதோடு ஒரு கிழவனும் விழவேண்டும்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கோப்பி முழுவதும் என் சட்டையில். அவர் டிலானிக்குச் சொல்ல, டிலானி வீட்டுக்குச் சொல்ல, அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. பேரனுக்குச் சோதனை என்றால், "மோஃபா, நாளைக்கு விழுவியளோ?" என்று கேட்கிறான். (மோஃபா என்றால் டேனிஷில் தாயின் தகப்பன்.) மருமகன் சம்பள உயர்வு கேட்கப் போகும்போது என் கால்மாட்டில் கம்பளத்தைச் சுருட்டி வைக்கிறான்.

போன வாரம் அந்தோனிப்பிள்ளை அண்ணை எடுத்தார். இரண்டாவது மகனுக்கு நேர்முகத்தேர்வாம். தவளை, மணி, ஊற்று எல்லாம் வைத்தாகிவிட்டதாம். ஆனாலும் அவர் குரலில் ஒரு தயக்கம்.

"தம்பி, குறை நினையாதையும். நீர் ஒருக்கா இஞ்ச வந்து விழுவீரோ?"

எனக்குக் கோபம் வரவில்லை. எந்தத் திசையைப் பார்த்து விழவேண்டும் என்று கேட்டேன்.