எருமை ஆவுடையப்பன் தூங்காமல் பார்த்த படம்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, சித்திரை மாதம் வந்துவிட்டால் குளத்தில் தண்ணீரும் கிடையாது. ஆனால் ஏசி போட்ட சினிமா தியேட்டர் ஒன்று இருந்தது. குளம் வற்றிய நாளிலிருந்து ஆவுடையப்பன் என்ற எருமை தினமும் அந்தத் தியேட்டருக்குப் போக ஆரம்பித்தது.

ஆவுடையப்பனுக்குச் சினிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இயக்குநர் யார், இசை யார் என்றெல்லாம் பார்க்காது. எந்தப் படம் ஓடுகிறதோ அந்தப் படம். எந்த இருக்கையில் காற்று நன்றாக வருகிறதோ அந்த இருக்கை. உட்கார்ந்ததும் பாதி நேரம் தூங்கிவிடும். மீதி நேரம் பார்த்ததை யாராவது கேட்டால் அப்படியே சொல்லும். யாரும் கேட்டதில்லை என்பதால் அதுவரை அதன் வாழ்க்கை நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம் இரண்டு பெரிய படங்கள் வெளியாகின. ஒன்று, விண்ணரசன் என்ற வௌவால் இயக்கிய அறிவியல் படம், 'கருந்துளைக்கு அப்பால் - பாகம் இரண்டு'. மற்றொன்று, நகைமுகன் என்ற கழுதைப்புலி எடுத்த சிரிப்புப் படம், 'அடுப்பங்கரையில் ஆறு பேய்'. வெயில் கடுமையாக இருந்ததால் ஆவுடையப்பன் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டது.

வெளியே வந்தபோது வாசலில் மரகதம் என்ற கிளி மைக்கோடு நின்றது. காட்டின் யூடியூப் சேனல் அதனுடையது.

"அண்ணாச்சி, அறிவியல் படம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத் தூங்குனேன்" என்றது ஆவுடையப்பன். "நடுவுல குண்டு வெடிச்சு முழிச்சேன். கதாநாயகன் சண்டை போட்டுக்கிட்டு இருந்தான். திரும்பித் தூங்கி முழிச்சேன். அதே சண்டை. இங்க நாம ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் நிக்கோம். அவன் ரெண்டே நிமிஷத்துல நானூறு வருஷம் தாண்டிப் போறான். போயும் என்ன செய்யுதான்? அங்கயும் சண்டைதான் போடுதான். அதுக்கு இங்கயே இருந்திருக்கலாம்லா?"

"கதை புரிஞ்சுதா?"

"கண்ணாடி போட்ட ஒருத்தரு போர்டுல எழுதி எழுதி விளக்கினாரு. பக்கத்துல நின்ன கதாநாயகனே 'அப்படின்னா? அப்படின்னா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அவனுக்கே புரியல. நான் என்னத்தைச் சொல்ல?"

"சிரிப்புப் படம்?"

"பேய் ஆறு. ஆறும் கன்னத்துல அறையுது. முதல் பேய் அறைஞ்சப்ப சிரிச்சேன். மிச்சம் அஞ்சுக்கும் என்ன செய்ய? பிறகு குண்டா இருக்கவனைக் குண்டன்னு சொல்லுதாங்க, மந்தமா இருக்கவனை எருமைன்னு சொல்லுதாங்க. தியேட்டரே சிரிக்குது. நான் எருமை. என்னைப் பாத்து எருமைன்னு சொன்னா அது தகவல். அதுல நகைச்சுவை எங்க இருக்கு?"

மரகதம் இதை அப்படியே ஏற்றியது. சாயங்காலத்துக்குள் காடு முழுவதும் ஆவுடையப்பன் முகம்தான். விண்ணரசனின் ரசிகர்கள் மரத்துக்கு மரம் தலைகீழாகத் தொங்கிக் கோஷம் போட்டார்கள். "எங்கள் அண்ணன் படம் தலைகீழாகப் பார்த்தால்தான் புரியும்! நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்த எருமையே, மன்னிப்புக் கேள்!" நகைமுகன் ஒரு பேட்டியில் கண்ணீர்விட்டது. அது கழுதைப்புலி என்பதால் அழுவதும் சிரிப்பது மாதிரியே கேட்டது.

ஆவுடையப்பன் பயந்து இரண்டு நாள் புதருக்குள் கிடந்தது. மூன்றாம் நாள் விண்ணரசன் தேடிக்கொண்டு வந்தது. கையெடுத்துக் கும்பிட்டது.

"அண்ணாச்சி, நீங்க எந்த சீன்ல தூங்குனீங்கன்னு பாக்கிறதுக்குன்னே கூட்டம் வருது. மூணு காட்சியும் ஹவுஸ்ஃபுல். பாகம் மூணுக்கும் வந்து தூங்கணும்."

நகைமுகனும் ஆள் அனுப்பியிருந்தது. அடுத்த படத்தில் ஏழு பேயாம். தயவுசெய்து திட்ட வேண்டுமாம்.

இப்படியாக ஆவுடையப்பன் அந்தக் காட்டின் முதல் விமர்சகர் ஆனது. அது தூங்கிய படமெல்லாம் ஓடியது. தியேட்டர்காரர்களே அதன் இருக்கைக்குத் தலையணை வைத்தார்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு மதியக் காட்சிக்கு ஆவுடையப்பன் போனபோது உள்ளே மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒரு எறும்புத்தின்னி, அதன் சித்தி, தப்பான டிக்கெட் எடுத்துவிட்டு வெளியே போக வெட்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு முயல். போஸ்டரில் 'வரிசையில் ஒரு வெளியூர்க்காரர்' என்று எழுதியிருந்தது.

கதை இதுதான். வேறொரு கிரகத்திலிருந்து ஒருவர் பூமிக்கு வருகிறார். வந்த இடம் ஒரு ரேஷன் கடை வரிசை. எல்லோரும் நிற்பதால் அவரும் நிற்கிறார். எதற்கு நிற்கிறோம் என்று முன்னால் இருப்பவரிடம் கேட்கிறார். அவர், "நின்னாத்தான் தெரியும்" என்கிறார். வரிசையில் ஒரு அம்மாள் அவரிடம் பையைக் கொடுத்து, "இடத்தைப் பாத்துக்கப்பா, வந்துடறேன்" என்று போகிறாள். வரவே இல்லை. அவரை அழைத்துப் போக விண்கலம் வருகிறது. இவர் பையைப் பார்க்கிறார், விண்கலத்தைப் பார்க்கிறார். "அந்த அம்மா வந்துடட்டும், பத்து நிமிஷம்" என்கிறார். விண்கலம் போய்விடுகிறது.

ஆவுடையப்பன் கண்ணை மூடவில்லை. தலையணை கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. வெளியூர்க்காரர் எடை போடுபவரிடம், "எங்கள் ஊரில் ஈர்ப்பு விசை குறைவு, உங்கள் தராசில் இன்னும் குறைவாக இருக்கிறதே" என்று கேட்ட இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தது. விண்கலம் போன இடத்தில் மூக்கைச் சிந்தியது. சிந்திய சத்தத்தில் முயல் பயந்து ஓடிவிட்டது.

விளக்கு எரிந்ததும் எறும்புத்தின்னி கிட்டே வந்தது. "அண்ணாச்சி, நான் இசக்கி. இந்தப் படம் நான் எடுத்தது. அஞ்சு வருஷம் ஆச்சு. உங்களுக்கு... தூக்கம் வந்துச்சா?"

"தாயி, ஒரு பொட்டுத் தூங்கல" என்றது ஆவுடையப்பன்.

எறும்புத்தின்னிகள் சந்தோஷம் தாங்காவிட்டாலும் பயந்தாலும் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இசக்கியும் சுருண்டுகொண்டது. சித்திதான் உருட்டிக்கொண்டு வெளியே போனது.

வாசலில் மரகதம் மைக்கை நீட்டியது. ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "அருமையான படம். என் வாழ்நாள்ல இப்படிச் சிரிச்சதில்ல, அழுததுமில்ல. எல்லாரும் பாக்கணும்."

மரகதம் மைக்கைத் தட்டிப் பார்த்தது. "மைக்குல ஏதோ கோளாறு போல. திருப்பிச் சொல்லுங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் திருப்பிச் சொன்னது.

சாயங்காலம் காடே கொதித்தது. "எருமை விலை போய்விட்டது!" என்றன குரங்குகள். எருமைக்கு லஞ்சமாகப் பருத்திக்கொட்டை மூட்டை ஏழு இறங்கியதை நேரில் பார்த்ததாக ஒரு காகம் சொன்னது. பார்க்காத இன்னொரு காகம் பதினொன்று என்றது. "முன்னெல்லாம் நேர்மையாகத் தூங்கும். இப்போது பார், கண்ணைத் திறந்துகொண்டு படம் பார்க்கிறது" என்று வயதான நரி ஒன்று வருத்தப்பட்டது. மறுநாள் காட்சிக்குச் சித்தி மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமையோடு படத்தைத் தூக்குவதாகத் தியேட்டர்காரர்கள் அறிவித்தார்கள்.

ஆவுடையப்பன் நேராகத் திரைப்பட வாரிய அலுவலகத்துக்குப் போனது. தான் சொன்னது உண்மைதான் என்று சான்றிதழ் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அது நினைத்தது. ஜன்னலுக்கு முன்னால் வரிசை. வெள்ளிக்கிழமை காலை நின்றது. சனிக்கிழமை மதியம் ஜன்னலுக்கு வந்தது. உள்ளே ஒரு ஆமை உட்கார்ந்திருந்தது.

"பாராட்டுப் படிவமா? மூணு பிரதி வேணும்" என்றது ஆமை. "படம் எடுத்தவர் உறவினரா? இல்லைன்னு கிராம அலுவலர் கையெழுத்து. சிரிச்சது எந்த இடம், எத்தனை நொடி? அழுதது இடது கண்ணா, வலது கண்ணா? கூடப் பார்த்த ரெண்டு சாட்சி."

"தியேட்டர்ல இருந்ததே மூணு பேருதான். ஒண்ணு படம் எடுத்த பிள்ளை, ஒண்ணு அதோட சித்தி."

"ரத்த உறவு செல்லாது. மூணாவது?"

"முயல். பாதியில ஓடிட்டு."

"அப்ப முழுசாப் பார்க்காத சாட்சி. அதுவும் செல்லாது." ஆமை பேனாவை மூடியது.

ஆவுடையப்பன் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தது. பிறகு, "ஐயா, ஒரு படத்தைத் திட்டணும்னா எந்தப் படிவம்?" என்று கேட்டது.

ஆமை முதல்முறையாகத் தலையை வெளியே நீட்டிச் சிரித்தது. "அதுக்கு எதுக்கய்யா படிவம்? வாசல்லயே நின்னு திட்டிட்டுப் போங்க. பார்த்திருக்கணும்னுகூடக் கட்டாயமில்லை."

ஆவுடையப்பன் மரகதத்தைத் தேடிப் போய் மைக்கை வாங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டது. அதற்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு பேசியது.

"அன்னைக்குத் தெரியாம நல்லாயிருக்குன்னு சொல்லிட்டேன். அது குப்பை. சுத்தக் குப்பை. படம் பூரா ஒரே வரிசை. அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குனேன். இதை யாரும் பாக்காதீய."

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கே டிக்கெட் இல்லை. எவ்வளவு மோசம் என்று பார்க்கக் குரங்குகள் குடும்பத்தோடு வந்தன. தலைகீழாகத் தொங்கிய ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கூரையைத் தூக்கியது. பையை வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர் நிற்கும் இடத்தில் ஒரு சிறுத்தை விசும்பியது. வெளியே வந்ததும் எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குப்பை. அண்ணாச்சி சொன்னது சரிதான்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்றார்கள். படம் நூறு நாள் ஓடியது. விழா எடுத்து இசக்கிக்கு அந்த ஆண்டின் மிக மோசமான படம் என்ற கேடயம் கொடுத்தார்கள்.

விழா முடிந்ததும் ஆவுடையப்பன் மேடைக்குப் பின்னால் போனது. இசக்கி கேடயத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றது.

"தாயி, நான் முதல்ல சொன்னதுதான் நெசம். ரெண்டாவது சொன்னது பொய். படத்தைக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

இசக்கி அதை ஏறிட்டுப் பார்த்தது. "ஆறுதலுக்குச் சொல்லாதீய அண்ணாச்சி. நூறு நாளா ஊரே குப்பைங்குது. ஊரு பூரா பொய் சொல்லுமா? முதல்ல என் முகத்துக்காகச் சொன்னீய. எனக்குத் தெரியும்."

"இல்ல தாயி..."

"பரவால்ல. நானும் கத்துக்கிட்டேன். அடுத்த படம் பெருசா பண்ணுதேன். வெடி, பேய், கிரகம், எல்லாம் உண்டு."

ஆவுடையப்பன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. இசக்கி சுருண்டுகொண்டது. சுருண்ட எறும்புத்தின்னியிடம் யாரும் எதையும் புரியவைக்க முடியாது.

அடுத்த சித்திரையில் இசக்கியின் புதுப் படம் வந்தது. 'அண்டவெளியில் அறுபது பேய்'. அறுபதும் அறைந்தன. கிரகங்கள் வெடித்தன. கண்ணாடி போட்ட ஒருவர் போர்டில் எழுதி விளக்கினார். கடைசியில் பேயின் அம்மா செத்துப்போனாள். இசக்கி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது. பக்கத்தில் விண்ணரசனும் நகைமுகனும் மாலையோடு நின்றார்கள். மரகதம் மைக்கைத் தயாராக வைத்திருந்தது. படம் எத்தனை நாள் ஓடும் என்பது எருமையின் வாயில்தான் இருந்தது.

ஆவுடையப்பன் இசக்கியைப் பார்த்தது. இந்தப் படம் ஓடிவிட்டால் இந்தப் பிள்ளை இனி ஆயுள் முழுக்க இதையேதான் எடுக்கும் என்று அதற்குத் தோன்றியது. மைக்குக்கு வாயைக் கொண்டுபோய்க் காடே கேட்கும்படி சொன்னது:

"அற்புதமான படம்! ஒரு நொடிகூடக் கண்ணை மூடல! குடும்பத்தோட பாருங்க!"

விண்ணரசன் தலையில் கைவைத்தது. நகைமுகன் அழுததா சிரித்ததா என்று தெரியவில்லை. புதன்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை இசக்கி ஆவுடையப்பனைத் தேடி வந்தது. திட்டப்போகிறது என்று எருமை தலையைக் குனிந்துகொண்டது. இசக்கியோ அதன் காலைத் தொட்டுக் கும்பிட்டது. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"படம் போனாப் போகுது அண்ணாச்சி. இத்தனை வருஷத்துல மனசாரப் பாராட்டினது நீங்க ஒருத்தர்தான். இனி சாகுற வரைக்கும் இந்த மாதிரிதான் எடுப்பேன்."

நீதி: பிடித்த படத்தை வாய் கூசாமல் திட்டுங்கள். பிடிக்காத படத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்பவர்கள் தப்பான டிக்கெட் எடுத்தவர்களிடம் மட்டும் சொல்லவும்; அவர்கள்தான் பாதியில் ஓடிவிடுவார்கள்.