எயிட்டி எயிட்டியில் போட்ட துண்டு

உலகத்து மனிதர்களை உட்கார்ந்திருப்பவர், நின்றுகொண்டிருப்பவர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அவர் உட்காரவும் மாட்டார், நிற்கவும் மாட்டார். துண்டு போட்டுவிட்டுப் போயிருப்பார்.

பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து, அந்தத் துண்டின் பலத்தில் மூன்று பேர் உட்காரும் இடத்தைத் தன் பரம்பரைச் சொத்தாக்கி, டீ குடித்து, பேப்பர் வாங்கி, தெரிந்தவர் ஒருவரிடம் நலம் விசாரித்து, வண்டி நகரும்போது ஓடிவந்து ஏறுவாரே, அவரேதான். புனேயில் துண்டு கிடையாது, கைக்குட்டை. மராத்தியில் இதற்கு ‘ருமால் டாக்கணே’ என்று பெயர். மொழியில் நாம் வேறு வேறாக இருக்கலாம். இடம் பிடிப்பதில் ஒரே குடும்பம்தான்.

எங்கள் புனே ஔந்த் மென்பொருள் அலுவலகத்தில் இந்த இனத்தின் தலைமகனாக விளங்கியவர் கோகுல்நாத். சென்னைக்காரர், ஒன்பது வருஷ அனுபவஸ்தர், தங்கமான மனுஷர். ஆனால் காண்டீனில் அவர் ஒருவர் சாப்பிட நான்கு நாற்காலி வேண்டும். ஒன்றில் டைரி, ஒன்றில் ஹெல்மெட், ஒன்றில் சாவிக்கொத்து, நான்காவதில் கோகுல்நாத். கான்ஃபரன்ஸ் அறையை வாராவாரம் புதன்கிழமை முழுநாளும் தன் பேருக்குப் பதிவு செய்திருந்தார். எதற்கு? அது இன்னும் முடிவாகவில்லை. மகள் மீனு பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் வாங்கியவர் அவர். பெண்ணா பையனா என்று தெரியாததால் இரண்டு வாங்கினார். கேட்டால் ஒரே பதில்தான்.

“கெடக்கட்டுமே சார். யாராவது வந்தா எழுந்துக்கப் போறோம், அவ்ளோதானே?”

எழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர் கையில் 2004-ம் வருஷம் ‘வர்ச்சுவல் மெஷின்’ என்ற சங்கதி வந்து சேர்ந்தது. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் நாற்பது கற்பனைக் கம்ப்யூட்டர்களை ஓடவிடலாம், ஆளுக்கொன்று உண்டாக்கிக்கொள்ளலாம், நாற்காலி மாதிரி கண்ணுக்குத் தெரியாது, யாரும் முறைக்க மாட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து உள்ளே வர எண் போட்ட வாசல்கள்தான் வழி. போர்ட் என்பார்கள். ஒரு வாசல் ஒரு மெஷினுக்கு. ஒருவர் பிடித்துக்கொண்டால் அடுத்தவர் எவ்வளவு தட்டினாலும் திறக்காது. அந்த வாசல்களிலே எல்லோரும் ஆசைப்படுவது 8080. எயிட்டி எயிட்டி. சொல்லிப் பாருங்கள், வாய்க்கே இதமாக இருக்கும். கோகுல்நாத்துக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

இனி பார்கவிக்கு வருவோம். கோயம்புத்தூர்ப் பெண். சேர்ந்து ஆறு மாதம். 2006 ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மதியம் இரண்டரைக்கு, தான் எழுதிய மென்பொருளை ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஓட்டிக்காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் திங்கட்கிழமை கோயம்புத்தூர். ஜெர்மனிக்காரர்கள் தங்கள் பக்கத்தில் 8080 ஒன்றைத்தான் அனுமதித்திருந்தார்கள். வேறு எண் வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஒன்றரை மணிக்குப் பார்கவி தன் மெஷினை 8080-ல் ஏற்றினாள். ‘இந்த போர்ட் ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது’ என்று திரை சொன்னது.

அந்தப் பெண் முகம் வெளுத்ததைப் பார்த்து முதலில் ஓடிவந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

“நீ பயப்படாதேம்மா. நான் இருக்கேன்ல?” என்றார் கோகுல்நாத். இருந்தார். அதுதான் பிரச்சனை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

முதலில் ஃபயர்வால் மீது பழி போட்டார். அப்புறம் ஆன்ட்டிவைரஸ் மீது. பார்கவியின் மெஷினை மூன்று முறை அணைத்து மூன்று முறை எழுப்பினார். ஒவ்வொரு முறையும் அது எழுந்து, கண்ணைத் துடைத்து, அதே வாக்கியத்தைச் சொன்னது. கேபிளைப் பிடுங்கி ஊதிச் செருகினார். நான்கு பேர் நான்கு கருத்துச் சொல்ல, ஐந்தாவது ஆள் பக்கத்து அறையிலிருந்து வந்து நான்கையும் மறுத்துவிட்டு, தன் கருத்தைச் சொல்லாமலே திரும்பிப் போனார். மணி இரண்டைத் தாண்டியது.

கடைசியில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஜாதவைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஜாதவ் அமைதியாக ஒரு பட்டியலைத் திறந்தார். 8080-க்கு வருகிற எல்லாமே 37 என்று முடிகிற முகவரிக்குப் போகும்படி யாரோ எப்போதோ எழுதிவைத்திருந்தார்கள்.

“யே செய்ன்தீஸ் கிஸ்கா ஹை, பாபா?” என்றார் ஜாதவ்.

ஆளுக்காள் பக்கத்து மேஜையைக் காட்டினார்கள். கோகுல்நாத்துக்குக் கோபம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு தர்ம ஆவேசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. மேஜை மேஜையாகப் போனார்.

“முப்பத்தேழு யாருதுய்யா? கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்? ஒரு பொண்ணோட வேலை போகப் போகுது, இவனுங்க ஆளுக்கு ஒண்ண ஆரம்பிச்சு விட்டுட்டுப் போயிடறானுங்க! பொதுச் சொத்துய்யா இது!”

நானே என் நாற்காலியைத் திரையை மறைக்கிற மாதிரி நகர்த்திக்கொண்டேன்.

மணி இரண்டு இருபது. இத்தனை நிபுணர்களில் யாருக்கும் தோன்றாத ஒன்று பார்கவிக்குத் தோன்றியது. டெமோ அறையில் ஏற்கெனவே புரொஜெக்டர் எரிந்துகொண்டிருந்தது. அவள் அந்த முகவரியை அப்படியே பிரவுசரில் தட்டினாள்.

சுவர் முழுவதும் மஞ்சளாயிற்று. இரண்டு பக்கமும் கரும்பு ஆடியது. நடுவில் பானை பொங்கி, அடங்கி, மறுபடி பொங்கியது. ‘புனே மேற்குத் தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் விழா 2005 – அனைவரும் வருக’ என்று எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓட, அதன் கீழே மைக்கைப் பிடித்தபடி, ஆறடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார் விழாச் செயலாளர் கோகுல்நாத். அலுவலகத்துக்கு வெளியே ஒரு தமிழருக்கும் முகவரி தெரியாத அந்தத் தளத்தின் மூலையில் ஒரு கணக்கு: ‘நீங்கள் எங்கள் 20-வது விருந்தினர்.’

வெட்கப்பட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

“அட!” என்றார் பூரித்துப்போய். “இது இன்னும் ஓடுதா! பாத்தீங்களா ஜாதவ், டேட் இயர்ஸ்! ஒன்றர வருஷத்துல ஒரு தடவகூட விழல!”

“சார்,” என்றாள் பார்கவி, கடிகாரத்தைக் காட்டி. “அதைக் கொஞ்சம் எடுத்துருங்க சார். எட்டே நிமிஷந்தானுங்க இருக்குது.”

“எடுத்துடறேம்மா, எடுத்துடறேன். ஆனா டெமோ முடிஞ்சதும் மறுபடி எனக்கு விட்டுடணும், சொல்லிட்டேன். பொங்கல் வருஷா வருஷம் வரும்.”

ஜாதவ் அவர் எடுக்கும்வரை காத்திருக்கவில்லை. ஒரே தட்டு. கரும்பு நின்றது, பானை அடங்கியது, செயலாளர் மறைந்தார். இரண்டு இருபத்தொன்பதுக்குப் பார்கவியின் மென்பொருள் 8080-ல் ஏறியது. ஜெர்மனியிலிருந்து யாரோ ‘குட், வெரி குட்’ என்றபோது அவள் அழுதேவிட்டாள். எங்களுக்கும் கண் கலங்கியது. திங்கட்கிழமை கடிதம் வந்தது. நிரந்தரம். செவ்வாய்க்கிழமை கோகுல்நாத் அவளிடம் போய், வாசலை எப்போது காலி செய்வாய் என்று கேட்டார்.

“அடுத்த டெமோ வரைக்கும் நானே வெச்சுக்கறனுங்க சார்” என்றாள் பார்கவி.

அடுத்த டெமோவுக்குத் தேதி குறிக்கப்படவில்லை.

இதற்கிடையில் ஜாதவ் ஓர் அறிவிப்பு ஒட்டினார். புதன்கிழமை காலை, சர்வரிலுள்ள எல்லா முகவரிகளையும் ஒவ்வொன்றாக ஹாலில் பெரிய திரையில் திறந்து காட்டப்போவதாக. அன்றைய நிலவரப்படி ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் நாற்பத்தொன்று. புதன்கிழமை காலையில் எஞ்சியவை ஒன்பது. மீதி முப்பத்திரண்டும் யாருடையவை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இரண்டைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும், மேற்கொண்டு கேட்காதீர்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்தபடியே, பக்கத்து இருக்கையில் வைத்திருக்கும் உங்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையை நீங்கள் படிக்கத் தொடங்கியதிலிருந்து ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.