எந்தச் சர்க்காரைக் கேட்காமல் தோண்டினே?

எங்கள் பாண்டிச்சேரியில் தப்பைச் செய்துவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்தவர்களை எண்ண ஆரம்பித்தால் ஆயுசு போதாது. தப்பு என்னுடையதுதான் என்று மல்லுக்கு நின்றவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர். அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணப் பந்தல் போடுகிறவர். எங்கே போனாலும் கையில் ஒரு கடப்பாரை இருக்கும். ஆகவே ஊருக்கே அவர் கடப்பாரையார்.

அவர் போட்ட பந்தலில் மழை ஒழுகினால், இலைக்கு இலை போய்க் கைகூப்புவார். மழைக்குமா ஒரு மனுஷன் பொறுப்பு என்று கேட்டால், "பந்தல் என்னுது. அதுக்குள்ள வர்ற தண்ணி வேற யாருதாம்?" என்பார். ஒரு கல்யாணத்தில் பாயசம் அடிப்பிடித்துவிட்டது. சமையல்காரரை முந்திக்கொண்டு இவர் மன்னிப்புக் கேட்டார். அடுப்புக்கு மேலே இருந்த கீற்றுக் கொட்டகை இவர் போட்டதாம். அதைவிட வேடிக்கை, அவர் பந்தக்கால் நட்ட வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டுக்கொண்டதாகக் காதில் விழுந்தால், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நிற்பார். "கால் கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு போல" என்று தலையைச் சொறிவார். அவர்கள் இரண்டு பேரும் சிரித்துத் தொலைப்பார்கள்.

இப்பேர்ப்பட்டவர்தான் என் கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தார்.

அப்போது ஊரே குழம்பிக் கிடந்தது. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டான், இந்திய சர்க்கார் வந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் கடைசிக் கையெழுத்து இன்னும் பாக்கி என்றார்கள். சட்டம் பழையது, அதிகாரி புதியவர். எந்த ஆபீசில் போய் எதைக் கேட்டாலும் பக்கத்து ஆபீசைக் கை காட்டுவார்கள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால், நல்ல நேரம் பார்த்து, எங்கள் வீட்டு வாசலில் கடப்பாரையார் குழி தோண்டினார். நவதானியம் போட்டு, பால் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டிப் பந்தக்காலை நட்டார்கள். எல்லாரும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், தெருவில் ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை.

"பந்தக்கால் பூமிக்கடியில குழாயை உடைச்சிக்கிட்டு எறங்கி, தக்கை மாதிரி அடைச்சிக்கிச்சு" என்று எதிர்வீட்டுக்காரர் தீர்ப்பு சொன்னார்.

காலைப் பிடுங்கிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் கல்யாணம் முடியாமல் பந்தக்காலை யாராவது பிடுங்குவார்களா? வாயால் சொல்லக்கூடப் பயந்தார்கள். ஆக, கால் குழாயில் நிற்கிறதா மண்ணில் நிற்கிறதா என்பது பூமாதேவிக்கு மட்டுமே தெரிந்த சங்கதியாகிவிட்டது.

சேதி சாயங்காலத்துக்குள் தவளக்குப்பம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீடு அங்கேதான். மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பதில் ஆளை அசத்துகிறவர். பூனை குறுக்கே போனால், அது திரும்பிப் போகிறவரை நின்ற இடத்தில் நிற்கிற ரகம். உடனே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: "பந்தக்கால் நட்டதும் தெருவே வறண்டுபோச்சுன்னா அது பொண்ணோட ராசி. இன்னார்தான் குழாயை உடைச்சாருன்னு சர்க்கார்ல சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன். இல்லேன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்."

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தெருக் குழாய் நின்றதற்கு நான் என்ன செய்வேன்! ஆனால் மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் என்ன வெட்கம்.

கடப்பாரையார் வேட்டியை மடித்துக் கட்டினார். "வாங்க வாத்தியாரே, தப்பு என்னுதுதான்னு சர்க்கார் வாயாலயே சொல்ல வெச்சிட்டு வரலாம்" என்று, பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பாவை இழுத்துக்கொண்டு கிளம்பினார். அங்கே நடந்ததை அப்பா வந்து சொன்னார்.

முதலில் பழைய ஆபீஸ். அங்கே பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே இருக்கிற ஓர் அதிகாரி. அதிகாரிகளை எங்கள் ஊரில் ஐயா என்பதற்குப் பதில் முசே என்றுதான் கூப்பிடுவோம்.

"முசே, கேக்காம கொள்ளாமத் தெருவைத் தோண்டிக் குழாயை உடைச்சிட்டேன்."

"எந்தச் சர்க்காரைக் கேக்காமத் தோண்டினே?"

கடப்பாரையார் ஒரு நிமிஷம் யோசித்தார். "ரெண்டு சர்க்காரையும் கேக்கலீங்க."

"அப்படின்னா என்கிட்ட பாதித் தப்புதான் வரும். யோசிச்சுப் பார்த்தா அதுவும் வராது. ஊரைக் குடுத்தப்பவே குழாயையும் குடுத்தாச்சு. புது ஆபீசுக்குப் போ."

புது ஆபீசில் மெட்ராசிலிருந்து வந்த இன்ஜினீயர். "நிர்வாகம்தாம்பா எங்க கைக்கு வந்திருக்கு. குழாய் வந்துச்சா இல்லையான்னு இன்னும் முடிவாகல. நீதான் உடைச்சேன்னு நான் சொன்னா, குழாய் எங்களுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே!"

"சரிங்க, ரிப்பேராவது பண்ணுங்க."

"குத்தவாளி யாருன்னு தெரியாம எப்படி ரிப்பேர் பண்றது?"

"ஐயா, குத்தவாளி உங்க எதிர்லதான நிக்கறேன்!" என்று கடப்பாரையார் மார்பில் அடித்துக்கொண்டாராம்.

"நீயா சொன்னா ஆச்சா?" என்றாராம் இன்ஜினீயர்.

மறுநாளும் நடையாய் நடந்தார்கள். ஊரில் வேண்டாம் என்கிறவர்களுக்கெல்லாம் சுலபமாகக் கிடைக்கிற குற்றம், கேட்டவருக்குக் கிடைக்கவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் தவளக்குப்பத்து அம்மா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பட்டுப்புடவை, கையில் நிச்சயதார்த்தத் தட்டு. திருப்பிக் கொடுக்கத்தான். தெருமுனையில் இறங்கியவரைக் கடப்பாரையார் மறித்தார். எங்கள் தெருவே அங்கே கூடிவிட்டது.

"அம்மா, குழாயை உடைச்சவன் நான்தான். பொண்ணு மேல பழி போடாதீங்க."

"எந்த ஆபீஸ்லயும் அப்படிச் சொல்லலியாமே?"

"அவங்க சொல்ல மாட்டாங்கம்மா."

"அப்ப நீ உடைச்சதை வேற யாரு பார்த்தா?"

அந்தக் கேள்வியில் கடப்பாரையார் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களே பாருங்கம்மா" என்றார். பெரிய குழாயிலிருந்து எங்கள் தெருவுக்குப் பிரிகிற இடம் அந்த முனைதான். கடப்பாரையை ஓங்கிப் போட்டார். மண் தெறித்தது. மறுபடியும் போட்டார். 'ணங்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், தண்ணீர் விளக்குக் கம்பத்து உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. பட்டுப்புடவை தொப்பல். தாம்பூலத் தட்டு சாக்கடைப் பக்கம் மிதந்து போனது.

"ஐயையோ, இவன்தான்! இவன்தான் உடைச்சான்! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்! அந்தப் பொண்ணு என்ன பண்ணும், எல்லாம் இந்தப் படுபாவி பண்ண வேலை!" என்று தவளக்குப்பத்து அம்மா அலறினார்.

"அதைத்தாம்மா நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார் கடப்பாரையார், சொட்டச் சொட்ட நனைந்தபடி.

சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஓடிவந்து விழித்தார். "பழைய சட்டத்துல புடிக்கறதா, புதுச் சட்டத்துலயா?"

"எது கைக்கு வருதோ அதுல புடிங்க முசே" என்று இவரே கையை நீட்டினார்.

தண்ணீர் இரண்டு ஆபீஸ் வாசலுக்கும் போய்விட்டது. பேண்டைச் சுருட்டிக்கொண்டு இரண்டு அதிகாரிகளும் ஓடிவந்தார்கள். குழாய் யாருடையது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஆள் அனுப்பினார்கள். அந்த ஆட்கள் எங்கள் வாசல் வரைக்கும் தோண்டிப் பார்த்துவிட்டு அப்பாவை ரகசியமாகக் கூப்பிட்டார்கள். குழாய் உள்ளே துரு சேர்ந்து தானாக அடைத்திருக்கிறது. பந்தக்காலோ குழாய்க்கு ஒரு முழம் தள்ளி, சுத்தமான மண்ணில் நின்றது. அப்பா அவசர அவசரமாகக் காபியும் பலகாரமும் வாங்கிக் கொடுத்து அவர்கள் வாயை அடைத்தார்.

எந்தச் சட்டம் என்று முடிவாகாமல், சாயங்காலமே கடப்பாரையாரை ஸ்டேஷனிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. மறுநாள் அவர் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் மெதுவாகப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, கால் குழாய் மேல படவே இல்லையாமே. தோண்டினப்ப உங்களுக்குத் தெரியலியா?"

"இரும்புல பட்டா கைக்குத் தெரியாதா பாப்பா? மண்ணுலதான் எறங்குச்சு."

"பின்ன ஏன் நான்தான் உடைச்சேன்னு நின்னீங்க?"

கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "யார் மேலயாவது போட்டாத்தான் அந்தம்மா விடும் போல இருந்துச்சு. நீ வாழப்போற பொண்ணு. இதைச் சுமந்துக்கிட்டு எப்படி அந்த வீட்டுக்குள்ள போவே? எனக்கு ஒண்ணுமில்ல, போ பாப்பா."

என் மாமியார் ரொம்ப வருஷம் இருந்தார். பால் பொங்கி வழிந்தாலும், மாடு உதைத்தாலும், பேரப்பிள்ளை கீழே விழுந்தாலும், "அந்தப் படுபாவி பந்தல் போட்ட நேரம்!" என்றுதான் திட்டுவார். என்னை ஒரு நாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் திட்டும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய், அந்த மனுஷனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வருவேன்.