குங்கிலியம் அடைத்த கார்

வியாதியே பிடிபடாத வைத்தியனை மன்னித்துவிடலாம். வியாதியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டுத் தப்பான மருந்தைக் கொடுக்கிறானே, அவன்தான் ஆபத்தானவன். நான் அந்த ரகம்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போன சமயம். ராயபுரத்தில், துறைமுகத்துச் சரக்குப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை அதன்மேல் பூசினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. (கொஞ்சமா? நடையே மாறியிருந்தது என்பாள் பிலோமினா.)

பிலோமினா என் தாய்மாமன் சூசையின் மகள். அவளைக் கட்டிக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. மாமாவோ என்னை மனுஷனாகவே மதிக்கவில்லை. அவர் மதித்ததெல்லாம், ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் வாங்கிய பழைய காரைத்தான். அந்தக் காரிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"ஊத்த ஊத்த குடிச்சிகினே கீதுடா" என்றார் மாமா. "ரேடியேட்டரைக் கழட்டி ஈயம் வெக்கணுமாம், மெக்கானிக்கு அடுத்த வாரம் வான்றான். ஞாயித்துக்கெயம எண்ணூர்ல என் தோஸ்து பேரனுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன், கொயந்தைய கையில ஏந்தி நிக்கணும். இன்னா பண்றது சொல்லு."

"நான் பாத்துக்கிறேன் மாமா" என்றேன். பெண் கேட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்தேன். ஈரம் முன்பக்கம் மட்டுமே விழுந்தது. ரப்பர் குழாய்களைத் தடவினேன், காய்ந்திருந்தன. ரேடியேட்டரின் கீழ்மூலையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, அங்கிருந்துதான் கசிவு. இதுவரைக்கும் எந்த மெக்கானிக்கும் என்னைக் குறை சொல்ல முடியாது.

பிறகு பட்டறையிலிருந்து பஞ்சும் குங்கிலியமும் கொண்டுவந்தேன். ஒரு கடலையே வெளியே நிறுத்துகிற சரக்கு, ஒரு குடம் தண்ணீரை உள்ளே நிறுத்தாதா? நிறுத்தியது. மாமா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லடா" என்றார். நான் மனசுக்குள் கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

கடல் கொதிப்பதில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில்தான் எனக்கு உறைத்தது.

சூட்டில் குங்கிலியம் இளகியது. முன்னாலிருந்த காற்றாடி அதை வாரி வாரி இஞ்சின்மேல் அடித்தது. சாமி அறையில் போடுகிற அதே குங்கிலியம்தானே, கமகமவென்று புகை கிளம்பியது. சிவன் கோயில் பக்கம் கார் புகைக்குள் ஊர்ந்தது. பூக்கூடையோடு போன ஒரு அம்மாள் ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். இன்னொருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா சாமி நைனா போவுது?" என்று கேட்டார். கோட்டும் கழுத்தில் சிலுவையுமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மாமா, என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் பதில் கும்பிடு போட்டார். பின்சீட்டில் பிலோமினா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

கொஞ்ச தூரத்தில் கார் நின்றுவிட்டது. தண்ணீர் முழுக்க ரோட்டில். ஜட்கா வண்டி பிடித்து எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது, குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஞானத்தகப்பன் ஆகியிருந்தார். மாமாவுக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அதற்கப்புறம் மாமாவுக்கு என் பெயரே மறந்துவிட்டது. "டேய் சாம்பிராணி" என்றுதான் கூப்பிடுவார். (புகையையும் சொன்னார், புத்தியையும் சொன்னார்.) வேறு மாப்பிள்ளை பார்க்கவும் கிளம்பினார். பிலோமினாதான் தடுத்தாள்.

"எனக்கு அந்தச் சாம்பிராணியே போதும் நைனா."

எங்கள் மூத்தவனுக்கு ஞானத்தகப்பனாக மாமாவைத்தான் கேட்டோம். உடனே சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை, கோயிலுக்கு நடந்தே வருவார். அன்று பூசையில் தூபம் போட்டார்கள். குழந்தையைக் கையில் ஏந்தியபடி முன்வரிசையில் நின்ற மாமா மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"டேய், வண்டி தண்ணி கேக்குது."

இன்றைக்கும் தூபப் புகை எழுந்தால் எங்கள் குடும்பம் மட்டும் வரிசையாகத் தலையைக் குனிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறது. ராயபுரத்திலேயே நாங்கள்தான் பக்தி மிகுந்த குடும்பம் என்பது பங்குச் சாமியாரின் எண்ணம்.